முப்பத்திரண்டு பலகைகளுக்கு ஆயுத பூஜை

வள்ளூருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அணைக்கு இரும்புக் கதவுகள் வரப்போகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் கதவு ஏறுமாம், இன்னொன்றை அழுத்தினால் இறங்குமாம். இந்தச் செய்தியோடு என்னைப் பார்க்க வந்த இரண்டு இளம் பொறியாளர்கள், "பொத்தான் இல்லாத காலத்துல எப்படி மேடம் இயக்கினீங்க?" என்று கேட்டார்கள். கொக்கியால் என்றேன். சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்துவிட்டார்கள். பணியாளர் சங்க மலருக்கு நாலு பக்கம் எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டு போனார்கள்.

கொக்கியைப் பற்றி மட்டும் எழுதினால் அரைப் பக்கம்தான் வரும். மீதி மூன்றரைப் பக்கத்துக்கு ஓர் ஆயுத பூஜையைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு விளக்கம் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். விளக்கம் சொல்ல வேண்டியவளும் ஓய்வு பெற்றுவிட்டாள்.

என் படிப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. சிவில் டிப்ளமா. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சர்வே செயினின் ஒரு முனையை நான் பிடித்தால் மறு முனையைப் பிடிக்க ஆள் கிடைக்காது. பிறகு இரண்டு வருடம் வரைபட அறையில் மற்றவர்கள் கட்டியவற்றுக்குப் பிரதி எடுத்தேன். ஐம்பதுகளின் நடுவில், ஓவர்சியர் ஒருவர் நீண்ட விடுப்பில் போனதால், வேறு யாரும் போக விரும்பாத அந்த அணையை என்னிடம் கொடுத்தார்கள். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

ராயபுரத்தில் காலை பாசஞ்சரில் ஏறுவேன். காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் பெண்களும் அதே பெட்டியில் ஏறுவார்கள். அத்திப்பட்டில் இறங்கினால், உப்பு ஏற்றப் போகும் காலி மாட்டுவண்டி ஏதாவது கிடைக்கும். முதல் நாள் அப்படித்தான் போய் இறங்கினேன். அணையைக் காக்கும் லஸ்கர் கன்னியப்பன் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். எனக்குப் பின்னால் சாலையைப் பார்த்தார்.

"ஐயா பின்னால வராராம்மா?"

"ஐயா யாரும் இல்ல. நான்தான் ஓவர்சியர்."

"அப்போ நீங்கதான் ஐயாவா?" என்றார். மாலைக்குள் நான் ஓவர்சியரம்மா ஆகிவிட்டேன்.

அணை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்ய வேண்டாம். நூறு வருடத்துக்கு முன் வெள்ளைக்காரர் ஒருவர் கட்டிய கருங்கல் சுவர், ஆற்றுக்குக் குறுக்கே நூறடி நீளம். சுவரின் மேல் வரிசையாகக் கல் தூண்கள் நிற்கும். இரண்டு தூண்களுக்கு நடுவில் ஒரு கண். மொத்தம் பதினாறு கண்கள். தூண்களில் வெட்டிய பள்ளத்தில் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு தேக்குப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவோம். ஒரு பலகை ஐந்தடி நீளம், ஓரடி உயரம். கரையோரத்தில் அடிக்கணக்கு எழுதிய அளவுத் தூண் ஒன்று உண்டு. கல் சுவரின் தலை அதில் நாலு அடி. பலகை போட்டால் தண்ணீர் ஆறு அடி வரை நிற்கும். வயலுக்குப் பாயும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் மேல் படகும் போகும்.

படகுகள் எங்களுடையவை அல்ல. துறைமுகத்திலும் கம்பெனிகளிலும் இருந்த பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு படகுச் சங்கம் வைத்திருந்தார்கள். நாலு படகு, ஒரு தகரக் கொட்டகை, கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு செயலாளர். ஞாயிறு தோறும் குடும்பத்தோடு டிபன் கேரியரும் கிராமபோனும் கொண்டு வருவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை படகுப் பந்தயம்.

இனி என் மேலதிகாரி. பெயர் நரசிம்மன், உதவிப் பொறியாளர். அலுவலகம் திருவொற்றியூரில். எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கைக்குட்டையை விரிப்பார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் முணுமுணுத்தால் மாடி வரை எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவரிடம் வாய்ச் சொல் செல்லாது. எதுவானாலும் எண் போட்டு எழுதித் தர வேண்டும். அதிலும் காரணங்கள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது.

"அஞ்சு காரணத்துக்கு மேல எழுதறவர்கிட்ட காரணமே இல்லைன்னு அர்த்தம்" என்பார்.

எனக்கு இது சிரமமாக இல்லை. நான் சந்தைக்குப் போனாலும் எண் போட்டு எழுதிக்கொண்டு போகிறவள். என் பட்டியலில் பிழை கண்டுபிடித்தவர் அதுவரை யாரும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஒரு தடவை அவர் அணையைப் பார்வையிட வந்தார். பதினாறு கண்களையும் பார்த்தார், அளவுத் தூணைப் பார்த்தார், வெயில் தாங்காமல் கன்னியப்பனின் கொட்டகைக்குள் வந்தார். அங்கே செங்கல் கால்களின் மேல் அமைத்து, கோரைப்பாய் விரித்த நீளமான பெஞ்சு ஒன்று கிடந்தது. நரசிம்மன் பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். விரல் கணுவால் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"நல்ல பெஞ்சு" என்றார். கன்னியப்பனுக்கு ஏனோ இருமல் வந்துவிட்டது.

அந்த வருடம் பந்தயத்தை விஜயதசமி அன்று வைத்திருந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் சனிக்கிழமை ஆயுத பூஜை. மேலிடத்திலிருந்து ஒரு வரி உத்தரவு வந்தது: ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அளவுத் தூணில் நீர்மட்டம் ஆறு அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தலைமை விருந்தினர் அவ்வளவு பெரியவர்.

மழைக்காலத்துக்கு முன் பலகைகளை எடுத்துவிடுவதற்கு விதிப்புத்தகத்தில் ஒரு தேதி உண்டு. அதற்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. முன்னதாக எடுப்பதற்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை அணையில் போய் நின்றேன். தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. மேற்கே வானம் கறுத்திருந்தது. மேலே இருக்கும் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று டெலிகிராம் வந்திருந்தது. நாலாவது அறிகுறி கரை மேல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. அது பாக்கியம்.

அணைக்கு மேலே, இடது கரை தாழ்ந்த இடத்தில், பாக்கியம் முக்கால் காணி குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். புருஷன் எண்ணூரில் உப்பு வேலைக்குப் போனான். வயல் முழுக்க இவள் பொறுப்பு. நாற்று நட்டுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. அந்த இடத்தில் கரையின் உயரம் ஏழரை அடி. தண்ணீர் அதைத் தாண்டி மூன்று நாள் நின்றால் நாற்று அழுகிவிடும். மறுபடி நட அவளிடம் விதை இல்லை.

"இன்னா ஓவர்சியரம்மா," என்றாள், "தொரைங்க படகு வுடறதுக்கு எங்க நாத்த ஊற வெச்சிகினு கீறீங்களா? ஊறுகா போடறதுன்னா சொல்லிடு. உப்பு எங்க வூட்டுக்காரரு கொண்டாருவாரு."

"தண்ணி இன்னும் ஏறலையே பாக்கியம்."

"ஏறனப்பறம் நீ படகுல வந்து பாப்பியா? உனக்கு இன்னா, அஞ்சு மணி ரயில ஏறினா ராயபுரம். நானு எங்க ஏறுவேன்?"

என் நோட்டில் கணக்குப் போட்டேன். மேலேயிருந்து வரும் வெள்ளம், தான் தாண்ட வேண்டிய தலைக்கு மேல் இரண்டடிக்குக் குறையாமல் ஓடும். பலகை இல்லாவிட்டால் நாலும் இரண்டும் ஆறு. பாக்கியத்தின் கரை நிற்கும். பலகை இருந்தால் ஆறும் இரண்டும் எட்டு. கரைக்கு மேலே அரையடி. கணக்கு ஒரு வரிதான். அடுத்த ரயிலில் திருவொற்றியூருக்குப் போனேன்.

நரசிம்மன் என் ஐந்து காரணங்களையும் படித்தார். காகிதத்தை மேசையின் விளிம்புக்குச் சரியாக நேராக வைத்தார்.

"அஞ்சும் சரி" என்றார்.

"அப்போ பலகைய எடுத்துடலாமா சார்?"

"உத்தரவும் சரி. ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்காங்க." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "அனுமதி குடுக்கற அதிகாரம் எனக்கு இல்ல. கேட்டு எழுதினா பதில் வர செவ்வாய்க்கிழமை ஆகும்."

நான் எழுந்தேன்.

"நாளைக்கு ஆயுத பூஜை" என்றார், வேறு கோப்பைப் பிரித்துக்கொண்டே. "உங்க பிரிவுப் பட்டியல் இன்னும் வரல. மத்தவங்க எல்லாரும் குடுத்தாச்சு."

அந்தப் பட்டியல் வருடா வருடம் கொடுக்க வேண்டியது. பூஜையன்று எந்தெந்தக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து ஓய்வில் விடுகிறோம் என்று இரண்டு பிரதி எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் திரும்பப் பூஜை செய்து எடுக்கும் வரை யாரும் தொட மாட்டார்கள். அதிகாரியும் தொடச் சொல்ல மாட்டார்.

தாழ்வாரத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஒன்று, கடப்பாரை. இரண்டு, மண்வெட்டி. மூன்று, இரும்புச் சட்டி. இப்படியே எட்டு வரை வந்தேன். எட்டாவது கொக்கிக் கம்பி, நான்கு. கொக்கி என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. கொக்கி எதற்கு? பலகையைத் தூக்க. கொக்கி கருவி என்றால் பலகை என்ன? எங்கள் இருப்புப் பதிவேட்டில் இரண்டும் ஒரே தலைப்பில், அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன.

ஒன்பது என்று போட்டு எழுதினேன்: தேக்குப் பலகை, முப்பத்திரண்டு. பிறகு பத்தாவதாக அரிக்கேன் விளக்கு என்று எழுதி மூச்சு விட்டேன்.

நரசிம்மனின் பேனா முனை ஒவ்வொரு வரியாக இறங்கியது. ஒன்பதாவது வரியில் நின்றதா இல்லையா என்று இன்றும் என்னால் சத்தியம் செய்ய முடியாது. அந்த நேரம் பார்த்து டைப்பிஸ்ட் ஏதோ கேட்டார், அவர் நிமிர்ந்து பதில் சொன்னார், கையெழுத்துப் போட்டார். ஒரு பிரதியை என்னிடம் கொடுத்து, ஒன்றைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் நான் அணையில் இருந்தேன். கன்னியப்பன் பட்டியலைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாம்மா இது, பலகைக்குப் பொட்டா? இத்தினி வருசமா கடப்பாரைக்கும் மம்மட்டிக்கும்தான் வெச்சிகினு கீறோம்."

"பலகை நம்ம கருவியா, இல்லையா?"

"கருவிதான். ஆனா அது தண்ணிக்குள்ள கீதே."

"தண்ணிக்குள்ள இருந்தா சந்தனம் நிக்குமா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மேற்கே வானத்தைப் பார்த்தார். பிறகு பாக்கியத்தின் வயலைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அட நைனா! பேஜாரு புடிச்ச ஆளும்மா நீங்க" என்று சொல்லிவிட்டுக் கொக்கியை எடுக்கப் போனார்.

பலகை எடுப்பதை இப்போதைய பிள்ளைகளுக்காக விவரமாகச் சொல்கிறேன். முதலில் அணைக்குக் கீழே மீன் பிடிப்பவர்களுக்குத் தகர டின்னைத் தட்டி எச்சரிக்க வேண்டும். இரண்டு ஆள் தூண்களின் மேல் போட்ட நடைபாதையில் நின்று, பலகையின் இரு முனை வளையங்களிலும் கொக்கியை மாட்டுவார்கள். ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். ஒரு முனை முந்தினால் பலகை பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பிறகு கடவுளாலும் எடுக்க முடியாது. அடுத்தடுத்த கண்ணைத் திறக்கவே கூடாது. முதலில் ஒற்றைப்படைக் கண்களில் மேல் பலகை மட்டும். அரைமணி நேரம் பொறுத்துக் கீழே தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு இரட்டைப்படைக் கண்கள். அதன் பிறகு அதே வரிசையில் கீழ்ப் பலகைகள். அவசரப்பட்டு மொத்தமாகத் திறந்தால் கீழே இருப்பவர்களின் வலையும் தோணியும் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கிடைக்கும்.

நாலு லஸ்கர்கள், ஐந்து மணி நேரம். பதினொரு மணிக்கு முப்பத்திரண்டு பலகையும் கரையில் வரிசையாகச் சாத்தி நின்றன. கன்னியப்பன் ஒவ்வொன்றாகக் கழுவி, மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். நான் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போனேன். தேங்காய் உடைத்தார்கள். பொரியும் கடலையும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து கொடுத்தார்கள். சத்தம் போடத் தயாராக வந்த பாக்கியம், பலகைகளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். அதுவரை நான் பார்த்திராத காட்சி. நானும் அவளும் கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து பொரி தின்றோம்.

"மழ வரலன்னா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அனுப்பிடுவாங்க."

"அப்போ வந்துதான் ஆவணும்" என்று வானத்தைப் பார்த்து அதட்டினாள்.

மூன்று மணிக்கு, பந்தயத்துக்கு மிதவை கட்டுவதற்காகச் செயலாளர் வந்தார். தண்ணீர் நாலு அடி மூன்று அங்குலத்தில் நின்றது. படகுகள் சேற்றில் சாய்ந்து படுத்திருந்தன. வாயைத் திறந்தவர் விசிலைத்தான் ஊதினார்.

"யாரும்மா இதெல்லாம் எடுக்கச் சொன்னது?"

பட்டியலைக் காட்டினேன். பச்சை மைக் கையெழுத்தைக் காட்டினேன்.

"சரி, பூஜை முடிஞ்சுதுல்ல? உடனே போடுங்க."

கன்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயோ, அபசாரம் சார்! சாமிக்கு வெச்சத இன்னிக்குத் தொடலாமா? நாளைக்குத் திரும்பப் பூஜ போட்டுத்தான் எடுக்கணும். நல்ல நேரம் பத்தரைக்கு மேல."

"பந்தயமே ஒன்பது மணிக்கு!"

"அத சாமிகிட்ட யாரும் சொல்லலயே சார்."

செயலாளர் சைக்கிளை மிதித்துக்கொண்டு தந்தி கொடுக்கப் போனார். நான் ஐந்து மணி ரயிலில் வீட்டுக்குத் திரும்பினேன். வானம் கறுத்தே இருந்தது. ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. ராயபுரம் வரும் வரை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டே வந்தேன். ராஜினாமாக் கடிதத்தை எத்தனை எண்களில் எழுதுவது என்று ஒரு பக்கம் யோசனை.

மறுநாள் காலை ரயிலில் ஏறும்போது சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. பெட்டியில் மீன்காரப் பெண்கள் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு செங்காவி நிறத்தில், நூறடி அகலத்துக்கும் சுவரைத் தாண்டிக் கொட்டிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு அளவுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். பாக்கியம் தன் கரை மேல் நின்றாள். தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி இருந்தது. கையை விரித்து அளந்து எனக்குத் தூரத்திலிருந்தே காட்டினாள்.

ஒன்பது மணிக்குத் தலைமை விருந்தினர் குடை சூழ வந்து இறங்கினார். பாண்டு வாத்தியக்காரர்கள் நனையாமலிருக்க டிரம்மின் கீழ் ஒதுங்கினார்கள். நான் போய் வணக்கம் சொன்னேன்.

"ஆறு அடி நாலு அங்குலம் சார். உத்தரவுப்படி குறையாம இருக்கு."

அவர் என்னையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "படகெல்லாம் எங்கே?" என்றார்.

மூன்றைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். நாலாவது விடியற்காலையிலேயே அறுத்துக்கொண்டு, யாரும் ஏறாமலே, அணையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டிருந்தது.

"ரேஸு முட்ஞ்சிபோச்சு சார்" என்றார் கன்னியப்பன் பணிவாக. "ஒரே படகுதான் கெலிச்சிச்சி. இந்நேரம் எண்ணூர் போயிருக்கும்."

வந்தவர்கள் வடையைத் தின்றுவிட்டுப் போனார்கள். செவ்வாய்க்கிழமை என்னிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். ஐந்து எண் போட்டு எழுதினேன். ஒன்று, பூஜையன்று கருவிகளை ஓய்வில் வைப்பது வழக்கம். இரண்டு, பலகைகள் பதிவேட்டில் கருவிகளாகவே உள்ளன. மூன்று, பட்டியலுக்கு முன்கூட்டியே அனுமதி பெறப்பட்டது. நான்கு, உத்தரவில் கேட்ட ஆறு அடி குறித்த நேரத்தில் இருந்தது. ஐந்து, முப்பத்திரண்டு பலகைகளும் சேதமின்றி உள்ளன. ஐந்தும் உண்மை. பாக்கியத்தின் நாற்று ஆறாவது, அதை எழுதவில்லை.

நரசிம்மன் படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒன்பதாவது வரியப் பாக்காமலே கையெழுத்துப் போட்டுட்டேன்னு மேல எழுதப் போறேன்."

"சார், அது உங்களுக்கு..."

"உங்க அஞ்சு காரணம் போதும். என்னுதை நான் எழுதிக்கறேன்." குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

அவருடைய பணிப் பதிவேட்டில் "கவனக்குறைவு" என்று ஒரு வரி ஏறியது. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு மறு வருடம்தான் வந்தது. என் பதிவேட்டில் ஒன்றும் ஏறவில்லை. பாக்கியம் தை மாதம் ஒரு மரக்கால் புது அரிசி கொண்டுவந்து, "ஊறுகாய்க்குத் தொட்டுக்க" என்று சொல்லிக் கொடுத்தாள். நரசிம்மன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டார் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக அவரை நினைத்து வருத்தப்பட்டதும் உண்டு, கொஞ்சம் சிரித்ததும் உண்டு.

பல வருடம் கழித்துத் திருவொற்றியூரில் அதே நாற்காலிக்கு நான் வந்தேன். பழைய கோப்புகளைக் கழிக்கும்போது அந்தப் பட்டியலின் அலுவலகப் பிரதி அகப்பட்டது. மேலிடத்துக்குப் போன கடிதங்களோடு சேர்க்காமல், தனியாக மடித்து அட்டையின் உட்புறத்தில் செருகியிருந்தார் நரசிம்மன். ஒன்பதாவது வரியில் நான் எழுதிய முப்பத்திரண்டைப் பச்சை மையில் அடித்திருந்தது. மேலே முப்பத்து நான்கு என்று திருத்தம். ஓரத்தில் ஒரு குறிப்பு: "கொட்டகையிலுள்ள பெஞ்சையும் சேர்க்க."

பூஜையில் வைத்திருக்க வேண்டிய இரண்டு உபரிப் பலகைகளின் மேல் உட்கார்ந்துதான் நானும் பாக்கியமும் பொரி தின்றிருக்கிறோம்.

பழைய பலகைகளை ஏலம் விடப் போவதாக இளம் பொறியாளர்கள் சொன்னார்கள். பட்டியலையும் காட்டினார்கள். சுத்தமாக டைப் அடித்திருந்தது. தேக்குப் பலகை, முப்பத்திரண்டு. நான் திருத்தவில்லை. கொட்டகை இன்னும் இருக்கிறது. யாராவது போய்ப் பாயைத் தூக்கிப் பார்க்கட்டும்.